ஒரே சீருடை, ஒரே கேண்டீன்

பொதுத்துறை என்றாலே நஷ்டம் என்று பேசுவோர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1925-ல் அன்றைய தஞ்சை மாவட்டம் கருவேலியில் பிறந்த அவர், சென்னை மாகாண மின்சாரத் துறையில் வேலை பார்த்தவர். பின்னர் திருச்சி பாய்லர் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1972-ல் ‘பெல்’ நிறுவனத்தின் தலைவரானார்.

1981-ல் மாருதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம். அரசுக்கு 74 சதவீதப் பங்கு, சுசுகிக்கு 26 சதவீதம். 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து முதல் கார் வெளிவந்தது. கார் மட்டுமா வந்தது? அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேண்டீன் என்ற புதிய வழக்கமும் வந்தது. 1985-ல் அரசின் உருக்கு நிறுவனமான ‘செயில்’ அவர் பொறுப்பில் வந்தது. நஷ்டத்தில் தத்தளித்த அந்த நிறுவனமும் லாபம் கண்டது.

மாருதியில் இருந்த கடைசிப் பங்கையும் அரசு 2007-ல் விற்றுவிட்டது. 2012 ஜூலையில் மானேசர் ஆலையில் கலவரம் மூண்டு, அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால், நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையே இருந்த சம்பள வேறுபாடு அப்போதுதான் நாடெங்கும் பேசப்பட்டது.

கிருஷ்ணமூர்த்தி 2022-ல் காலமானார். கேண்டீனில் அவர் காட்டிய சமத்துவம் சம்பளப் பட்டியலுக்கும் வர வேண்டும் என்பதே தொழிலாளர் எதிர்பார்ப்பு.