கைப்பேசியில் குறி கேட்டல்

சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரியிலே, சுடலைமாடன் கொடையில் சாமியாடி சொல்லும் குறியை நம்பிக் காசைத் தொலைப்பவனைக் கண்டு நமது வாலிபர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் சிரித்த வாய் மூடுமுன், அவர்களே கைப்பேசியைத் திறந்து, "இந்தக் கிரிப்டோ டோக்கன் பத்து மடங்கு ஏறும்" என்று முகமறியாத ஒருவன் யூடியூபில் சொல்வதைக் கேட்டுக் கடன் வாங்கிப் பணம் போடுகிறார்களே, இதற்கு என்ன பெயர்? உடுக்கும் திருநீறும் இல்லாததனாலேயே இது பகுத்தறிவாகிவிடுமா என்று கேட்கின்றோம். கருப்புச் சட்டைக்காரர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டென்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

டோக்கன் வியாபாரம் நல்லதா கெட்டதா என்பது இன்றைய பேச்சல்ல. அதில் இறங்கினவர்கள் தம்மைத் தாமே கெடுத்துக்கொள்ளும் பழக்கங்களைப் பற்றியே எழுதுகின்றோம்.

முதலாவது, விலை ஏறினால் தன் புத்தி என்பதும், இறங்கினால் பெரும் பணக்காரர் சூழ்ச்சி என்பதும். மழை பெய்தால் கடவுள் கருணை, பொய்த்தால் ஜனங்கள் செய்த பாவம் என்கின்ற புரோகிதர் நியாயத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது, இறங்க இறங்க மேலும் வாங்குவது. 100 ரூபாய்ச் சரக்கு 50 ஆகிவிட்டால், பழைய நிலைக்கு வர அது இரட்டிப்பாக வேண்டும். 2022 மே மாதத்தில் லூனா என்னும் டோக்கன் சுமார் 80 டாலரிலிருந்து, ஏறக்குறைய ஒரு வாரத்திற்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போயிற்று. மலிவு, மலிவு என்று வழியெல்லாம் வாங்கினவர்கள் கதி என்ன?

மூன்றாவது, விட்டதைப் பிடிக்க ஓயாமல் வாங்கி விற்பது. 2022 ஏப்ரல் முதல் நமது நாட்டில் இந்த லாபத்திற்கு 100-க்கு 30 வரி. ஒரு டோக்கனின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க இடமில்லை. ஒன்றில் 10,000 ரூபாய் லாபமும் மற்றொன்றில் 10,000 ரூபாய் நஷ்டமும் வந்தால், கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் வரி மாத்திரம் 3,000 கட்டியாக வேண்டும்!

நிற்க, அடகுக்கடைக்குப் போன நகை யாருடையது? வீட்டிலுள்ள பெண்ணுடையது. அவள் சம்மதத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? சமத்துவம் மேடையில் மாத்திரந்தானா?

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எதை, எதற்காக, எவ்வளவுக்கு வாங்குகிறோம், எவ்வளவு நஷ்டம் வந்தால் விலகுவோம் என்பதை முன்னாடியே எழுதி, வீட்டிலுள்ள பெண்ணிடம் காட்டுங்கள். காட்டக் கை கூசுமானால் வாங்காதீர்கள். கணக்குப் பார்க்கப் பயப்படுகிறவன் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, கும்பிடாவிட்டால்தான் என்ன?