முதல் முப்பது இரவுகள்

நம்மவர்கள் எதையும் சகித்துக்கொள்வார்கள்; குறட்டையைக் கேட்டால் மாத்திரம் சிரித்துவிடுவார்கள். ரயில் வண்டியில் மேல் பலகையில் ஒருவர் குறட்டை விட்டால் கீழே இருப்போருக்கு அன்றிரவு முழுதும் அதுவே பேச்சு. கல்யாண வீட்டில் அவருக்கு மூலையில் தனிப் பாய் விரிப்பார்கள். பொதுக் கூட்ட மேடையில் தலைவர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாற்காலியில் தலை சாய்ந்துவிடும் ஊழியரைக் 'கும்பகர்ணன்' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவார்கள். அவர் சோம்பேறி என்பது பொது ஜனத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பல சமயங்களில் அநீதியானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அவர் இரவு முழுதும் தூங்கியவர் அல்லர். இரவு முழுதும் மூச்சுக்குப் போராடியவராக இருக்கக்கூடும்.

விஷயம் இதுதான். உறக்கத்தில் தொண்டையைச் சூழ்ந்த தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாவின் அடியும் உள்நாக்கைச் சார்ந்த மென்மையான சதையும் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. மார்பு ஏறி இறங்குகிறது. காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. ஒரு பெரிய இரைச்சலுடன் மூச்சு திரும்புகிறது. மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலும், வெகுவாகக் குறைந்தாலும் வைத்தியர்கள் அதை ஒரு தடை என்று கணக்கிடுகின்றனர். மணிக்கு 5 முதல் 15 தடை வரை லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேற்பட்டால் கடுமை. காலையில் எழும் மனிதருக்கு இவற்றில் ஒன்றேனும் நினைவிருப்பதில்லை. தலைவலியும், வறண்ட வாயும், பகலெல்லாம் இமையை அழுத்தும் அசதியுமே அவர் அறிந்தவை.

எனக்கு மணிக்கு 42 தடைகள். அதாவது, ஒன்றரை நிமிஷத்திற்கு ஒரு முறை என் கழுத்தை யாரோ நெரித்து விட்டது போன்ற நிலை. பல வருஷங்களாக இப்படி நடந்திருக்கிறது. நான் அறியேன்; என் மனைவி அறிவாள்.

இது ஏதோ இரண்டொருவருக்கு வரும் அபூர்வ வியாதி என்று நினைப்பது தவறு. உலகத்தில் 30 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 90 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இது உண்டு என்று 2019-ல் வெளியான கணக்கு ஒன்று கூறுகிறது. நம் நாட்டில் மட்டும் சுமார் 10 கோடிப் பேர் என்று டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர் 2023-ல் மதிப்பிட்டனர். பருத்த உடலினருக்கே இந்நோய் வரும் என்பதும் பாதி உண்மைதான். உடற்பருமன் பெரிய காரணம். எனினும் தாடை சிறுத்துப் பின்தள்ளி இருப்பவர் மெலிந்தவராயினும் தப்புவதில்லை. குறட்டை விடும் எல்லோருக்கும் இந்நோய் இருப்பதாகவும் கொள்ள வேண்டாம். குறட்டையின் நடுவே மூச்சு நிற்பதை வீட்டார் கண்டாலோ, பகலில் உட்கார்ந்த இடத்தில் உறக்கம் வந்தாலோ ஓர் இரவுப் பரீட்சை செய்துகொள்வது கடமை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது இரட்டைக் கடமை. அவர்கள் கண்ணயர்ந்தால் போவது அவர்கள் உயிர் மட்டுமன்று.

இந்நோய்க்கு ஒரு காலத்தில் இருந்த கடும் சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வேறு வழி வைப்பது. 1980-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் ஸலிவன் வேறொரு யுக்தி கண்டார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதச் செய்து, மூக்கின் வழியே இடைவிடாமல் செலுத்தினார். சரிந்து விழும் கூடாரத் துணியைக் காற்று உப்பி நிறுத்துவதுபோல அந்த அழுத்தம் தொண்டையைத் திறந்து வைத்தது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்டார். அந்நாளில் முகமூடியை ஒவ்வோர் இரவும் மூக்கின்மேல் பசை வைத்து ஒட்ட வேண்டியிருந்தது! இன்று 'சி-பாப்' என்று வழங்கும் யந்திரம் அதன் வழித்தோன்றலே. ஒரு சிறு பெட்டி, ஒரு குழாய், ஒரு முகமூடி, அவ்வளவுதான்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு மூட எண்ணங்கள் உலவுகின்றன. முதலாவது, முகமூடியைக் கண்டதும் 'ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள்' என்று பதறுவது. கொரோனாக் காலத்துப் பீதி இன்னும் நம் மனத்தைவிட்டு நீங்கவில்லை. இந்த யந்திரம் ஊதுவது நம் அறையில் உள்ள சாதாரணக் காற்றே. இரண்டாவது, 'இதற்குப் பழகிவிட்டால் பிறகு விடவே முடியாது' என்பது. மூக்குக் கண்ணாடிக்குப் பழகியவர் கெட்டுப்போனார் என்று எவரேனும் சொல்வதுண்டா? கண்ணாடியைக் கழற்றினால் பழைய பார்வை. யந்திரத்தை நிறுத்தினால் பழைய மூச்சடைப்பு. இதில் அடிமைத்தனம் எங்கே வந்தது? உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தவர்களில் சிலருக்கு யந்திரமே வேண்டாமற் போவதும் உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது யந்திரத்தின் பெருமையை அன்று. அதை வாங்கியவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதே என் கவலை. எத்தனையோ வீடுகளில் அது பத்து நாள் உபயோகத்திற்குப் பின் அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி உறங்குகிறது. மனிதருக்கு உறக்கம் தர வந்த பொருள் தான் உறங்குகிறது!

என் கதையையே சொல்கிறேன். யந்திரம் விற்றவர் வீட்டுக்கு வந்தார். கால் மணி நேரத்தில் பொத்தான்களைக் காட்டினார். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதல் இரவு புயலில் முகத்தை நீட்டியது போல் இருந்தது. மூச்சை உள்ளே இழுக்கக் காற்று தானே வருகிறது. வெளியே விடத்தான் போராட வேண்டியிருக்கிறது. இரண்டாம் இரவு மீசையின் இடுக்கில் காற்றுக் கசிந்து கண்ணில் வீசியது. வாரை இறுக்கினேன்; கசிவு அதிகமாயிற்று. மூன்றாம் நாள் மூக்குத் தண்டில் புண். நாலாம் நாள் வயிறு நிறையக் காற்று. ஐந்தாம் நாள் தொண்டை பாலைவனமாயிற்று. ஆறாம் இரவு, இரண்டு மணிக்கு, முகமூடியைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் படுத்தேன். ஏதோ விடுதலை பெற்றவன் போல் இருந்தது.

காலையில் என் மனைவி சொன்னாள்: "ஐந்து நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன். நேற்று மறுபடியும், உங்கள் மூச்சு எப்போது திரும்பும் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்."

நான் படாத பாடு பட்டதாக நினைத்த அந்த ஐந்து இரவுகளிலும் மூச்சு நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. எத்தனை வருஷம் அவள் அப்படி எண்ணிக்கொண்டு கிடந்திருப்பாள் என்ற எண்ணம் என்னை வெட்கப்படச் செய்தது. அன்றே வைத்தியரிடம் போனேன். ஆறு இரவுகளின் துன்பத்திற்கும் அங்கே ஒரு மணி நேரத்தில் பரிகாரம் கிடைத்தது.

அப்பரிகாரங்கள் ரகசியமல்ல. முகமூடியில் பல வகை உண்டு. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று. மீசைக்காரருக்கு இரண்டாவது வகை பெரும்பாலும் ஒத்துவரும்; வாயால் மூச்சு விடுகிறவருக்கு மூன்றாவது. அளவு பொருந்தினால் வாரை இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. யந்திரத்தின் அழுத்தம் நீர் மட்டக் கணக்கில் 4 சென்டிமீட்டர் முதல் 20 வரை போகும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஊதாமல் மெல்லத் தொடங்கி, அரைமணி நேரத்தில் படிப்படியாக ஏறுமாறு அமைக்கலாம். வெளிமூச்சின்போது அழுத்தம் சற்றுக் குறையவும் ஏற்பாடு உண்டு. தொண்டை வறண்டால் காற்றை ஈரமாக்கும் நீர்த்தொட்டியைச் சேர்க்க வேண்டும். அதில் காய்ச்சி வடித்த நீரே தகும். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் தொட்டியைப் பாழாக்கும். குளிரூட்டிய அறையில் குழாய்க்குள் நீர் துளிர்த்துக் களகளவென்றால் குழாயைப் போர்வைக்குள் வைத்துக்கொள்க. வயிற்றில் காற்று நிறைந்தால் அழுத்தத்தைச் சரிபார்க்கும்படி வைத்தியரிடம் கேட்க வேண்டும். தாமே திருகக் கூடாது. முகமூடியின் முன்னே உள்ள நுண்ணிய துளைகள் வெளிமூச்சு போவதற்காக ஏற்பட்டவை. அவற்றைக் கசிவென்று நினைத்து அடைத்துவிடுவது பேராபத்து.

முகமூடியைக் கண்டாலே மூச்சு முட்டுகிறது என்பவர்க்கும் வழி உண்டு. பகலில், பத்திரிகை படிக்கும்போது பத்து நிமிஷம் அணிவது, மறுநாள் இருபது நிமிஷம், பிறகு பகல் படுக்கையில், பிறகு இரவில். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? நான் இந்த முறையைக் கைக்கொண்டேன். மூன்றாம் வாரத்தில் முகமூடி என் முகத்தில் இருப்பதையே மறந்தேன்.

ஆகவே, யந்திரத்தைக் கைவிட்டவர்கள் மனவுறுதி அற்றவர்கள் என்று பழிப்பதை நான் ஒப்பமாட்டேன். அவர்களில் பலர் கைவிட்டவர்கள் அல்லர், கைவிடப்பட்டவர்கள். பல்லாயிரம் ரூபாய்க்கு ஒரு பொருளை விற்றுவிட்டு, அதைப் பழக்கிக் கொடுப்பது தம் வேலை அன்று என்று நினைப்பது என்ன நியாயம்? அளவு பாராமல் செருப்பு விற்கும் கடைக்காரனைக்கூட நாம் சும்மா விடுவதில்லையே! முதல் முப்பது இரவுகளும் சிகிச்சையின் பகுதியே. வாங்குமுன் இரண்டு மூன்று முகமூடிகளை அணிந்து பார்க்க இடம் தர வேண்டும். முதல் வாரத்திற்குள் ஒரு முறையேனும் விசாரிக்க வேண்டும். பொருந்தாத முகமூடியை மாற்றித் தர வேண்டும். மாத முடிவில் வைத்தியர் யந்திரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் அணிந்தார், எவ்வளவு கசிந்தது, தடை எத்தனை என்பதை யந்திரமே பதிவு செய்து வைத்திருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்நோயைப் பரீட்சிக்க ஏற்பாடு செய்வோர், யந்திரம் பழக்கும் ஒரு ஊழியரையும் உடன் நியமிப்பார்களானால் செலவிட்ட பணம் வீண்போகாது.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் என்ற சர்க்கார் திட்டம், முதல் மூன்று மாதத்திற்குள் தொடர்ந்து 30 நாட்களில் நூற்றுக்கு 70 இரவுகளாவது, இரவுக்கு 4 மணி நேரமாவது அணிந்ததற்குக் கணக்குக் கேட்கிறது. கணக்குக் கேட்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தொடக்கமே முக்கியம் என்ற உண்மையை அது ஒப்புக்கொள்கிறது. நாமோ கணக்கும் கேட்பதில்லை, உதவியும் செய்வதில்லை.

ஓர் ஆட்சேபத்திற்கும் பதில் சொல்ல வேண்டும். இருதய நோய் உடைய சுமார் 2,700 பேரிடம், இந்தியா உட்பட 7 நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், இந்த யந்திரத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. உண்மைதான், மறைப்பதற்கில்லை. அதே ஆராய்ச்சியில் பகல் உறக்கமும் மனச் சோர்வும் குறைந்தன. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் யந்திரத்தை அணிந்தது சராசரி இரவுக்கு 3.3 மணி நேரமே. பாதி இரவு அணிந்த மருந்துக்கு முழுப் பலன் கேட்கலாமா என்பது விடை காண வேண்டிய கேள்வி. எப்படியாயினும், விழிப்புள்ள ஒரு பகற்பொழுது என்பதே சிறிய லாபமன்று.

கடைசியாக, இந்நோய் உடைய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்படாதீர்கள். ரயிலிலும் உறவினர் வீட்டிலும் யந்திரத்தை மறைக்காதீர்கள். மின்வெட்டு உள்ள ஊரானால் மின்கலத்திற்கு வழி செய்துகொள்ளுங்கள். ஆறாம் இரவு வரும். கழற்றி எறியத் தோன்றும். எறிந்தால் மறுநாள் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். ஓர் இரவின் தோல்வி தோல்வியன்று. வீட்டார்க்கும் ஒரு வார்த்தை: முகமூடி அணிந்தவரைக் கண்டு யானைத் தும்பிக்கை என்று சிரிக்காதீர்கள். குழந்தைகள் சிரிக்கட்டும், பெரியவர்கள் வேண்டாம்.

இன்றைக்கு எனக்கு மணிக்கு 42 தடைகள் இல்லை, 3 தான். சென்ற வாரம் ஒரு கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சு சுவையானதன்று. எனினும் முழுதும் கேட்டேன்.