யாம் என்பதனுள் அடங்குவோர் யாவர்?

தன்மைப் பன்மையைக் கற்பிக்கும்போது உளப்பாட்டை விளக்காமல் மேற்செல்லல் இயலாது. யானும் நீயும் கூடின் யாம். யானும் அவனும் கூடின் யாம். மூவரும் கூடினும் யாமே. அண்மையில் இதனை யான் விளக்கிக்கொண்டிருக்கையில், மாணவன் ஒருவன் அருகிலிருந்தவனைச் சுட்டி, "இவன் எங்கடை ஆளில்லை ஐயா, தோட்டக்காட்டான்" என்றான். வகுப்புச் சிரித்தது. சுட்டப்பட்டவனுடைய பாட்டனார் 1977 ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்தை விட்டு வன்னியிற் குடியேறியவர். அப்பிள்ளை தலை நிமிரவில்லை. அன்று இலக்கணத்தை நிறுத்திவிட்டு வரலாறு சொன்னேன். அதனையே ஈண்டும் எழுதுகின்றேன்.

1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கைத் தமிழர் நூற்றுக்கு 11.0, இந்திய வம்சாவளித் தமிழர் 11.7. தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த அம்மக்கள் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையேனும், அன்றேல் பாட்டனும் பூட்டனுமேனும் இங்குப் பிறந்தமையை நிறுவுதல் வேண்டும் என்றது அது. லயத்தில் வாழ்ந்தவனிடம் அதற்குரிய பத்திரம் ஏது? பிரசாவுரிமையோடு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலின்பின் அவர்தம் பிரதிநிதி ஒருவரேனும் சபையில் இல்லை.

அவ்வேளை யாழ்ப்பாணம் என் செய்தது? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இல் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். அமைச்சராக இருந்து தொழிற்சாலைகளைக் கொணர்ந்தார் என்பர் அவர் சார்பினர், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்துக்கும் அவர் துணைநின்றார். சா. ஜே. வே. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் பிரிந்து, அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். இன்று மலையகத்தார்க்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று செல்வநாயகம் எச்சரித்தார். 1952 இல் காங்கேசன்துறை வாக்காளர் அவரைத் தோற்கடித்து, அச்சட்டங்களை ஆக்கிய ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளரையே தெரிந்தனர். தலைவர்களைப் பழிப்பது எளிது. அவ்வாக்குகளை இட்டவர் நம் பாட்டன்மார்.

1956 யூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. மலையகத்தின் எழுவர் இருந்திருப்பினும் அதனைத் தடுத்திருத்தல் இயலாது. ஆனால் ஒரு மக்கட்கூட்டத்தைக் கையுயர்த்தி நாட்டின் கணக்கிலிருந்து நீக்கலாம் என்பதைப் பெரும்பான்மை 1948 இலேயே கற்றுக்கொண்டது. அப்பாடம் நடந்தபோது நம்மிற் பலர் வாளாவிருந்தோம். மொழிக்காகக் காலிமுகத்திடலில் அமர்ந்தபோது நாம் கேட்ட நியாயம், எட்டாண்டுகளின் முன் பிறர்க்கு நாம் கேளாதுவிட்ட நியாயமே.

இடதுசாரிகளின் கதையும் ஈண்டு நினைத்தற்குரியது. 1948 இலும் 1956 இலும் எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1966 இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்தோருடன் சேர்ந்தது. அதன் தலைவருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா 1972 யாப்பை வரைந்தார். சிங்களமே அரசகரும மொழி என்பது அதில் யாப்புவிதியாயிற்று. தமிழும் அரசகரும மொழி என யாப்பில் ஏறியது 1987 இலேதான்.

மலையகத்தார் காத்திருந்தது இதனினும் நீண்டது. 1964 இல் இரு பிரதமர்கள், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

இன்று நம் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறி வாழ்கின்றனர். ஆங்கு எவரேனும் அவர்களை வந்தேறிகள் என்றால் நமக்கு நெஞ்சு கொதிக்கின்றது. கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே நம் வகுப்பறையில் ஒரு பிள்ளையை இழிசொல்லால் அழைக்கும்போது சிரிப்போமாயின், அக்கொதிப்பில் நேர்மையில்லை.

அச்சொல்லை அம்மாணவன் வீட்டிலேதான் கற்றிருப்பான். அதனை மறக்கச் செய்யும் கடமை ஆசிரியராகிய நமக்கு உண்டு. உளப்பாட்டைக் கற்பிக்கும் நாளில் 1948 ஐயும் சேர்த்துக் கற்பிப்போமாக.