தவறிப்போன பெனால்ட்டிகள்

வைட்ஃபீல்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு சத்தங்கள் போட்டி போடுகின்றன. ஒன்று ஆலய மணி. மற்றது பயிற்சியாளரின் விசில். கம்ப்யூட்டர் கம்பெனிகளை நம்பி அடுக்குமாடிகள் எழும்பிய இந்தப் பெங்களூர்ப் புறநகரில், மிச்சமிருக்கும் காலி மனைகளில் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். எட்டு மணிக்குத் தமிழ் ஆராதனை என்றால் அதே எட்டு மணிக்குத்தான் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டமும். பையன் எங்கே போக விரும்புவான் என்று கேட்கவே வேண்டாம். தாய்மார்கள் போதகரிடம் முறையிடுகிறார்கள். போதகர்களும் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். பந்தைப் பிரசங்க மேடைக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

வாழ்க்கை ஒரு மைதானம். வேதாகமம் விதிப் புத்தகம். சாத்தான் எதிரணி. ரெட் கார்டு வாங்கினால் நரகம். வாலிபர் ஞாயிறு என்றால் இந்தப் பிரசங்கம் நிச்சயம். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு டஜன் தடவையாவது கேட்டிருப்பேன். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். கடவுளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் குழப்பம். ஒருவர் அவரை ரெஃப்ரி ஆக்குகிறார், இன்னொருவர் கோச் ஆக்குகிறார். ஒரு தடவை கோல்கீப்பராகவும் நின்றார். எதிரணிப் பையன்களும் காலையில் ஜெபம் செய்துவிட்டு வந்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

விளையாட்டை உவமையாக்குவது தப்பில்லை. பவுல் அப்போஸ்தலரே செய்திருக்கிறார். கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்கொண்டார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. ஜெயித்தவன் தலையில் செலரி தழையிலோ பைன் இலையிலோ கட்டிய வளையத்தை வைப்பார்கள். சில நாளில் அது காய்ந்து உதிர்ந்துவிடும். பரிசு வாடிவிடும் என்று பவுல் சொன்னபோது கேட்டவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். உவமை அங்கே நின்றது. நம் மேடைகளில் நிற்காததற்குக் காரணம், நாம் ஆட்டத்தைப் பார்க்காமல் அதன் உறுப்புகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருப்பதுதான்.

ஆட்டத்துக்கும் சபைக்கும் இடையே உள்ள உறவு பழையது. 1874-ல் தொடங்கிய ஆஸ்டன் வில்லா, 1878-ல் தொடங்கிய எவர்ட்டன் இரண்டும் பர்மிங்காமிலும் லிவர்பூலிலும் மெதடிஸ்ட் ஆலய இளைஞர்கள் ஆரம்பித்தவை. கிளாஸ்கோவின் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் வேண்டுமே என்று 1887-ல் வால்ஃப்ரிட் என்ற மரிஸ்ட் சகோதரர் தொடங்கியதுதான் செல்ட்டிக்.

இந்தியாவில் இந்த உறவுக்கு ஒரு முரட்டுத்தனமான தொடக்கம் உண்டு. ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு டிண்டேல்-பிஸ்கோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1890-ன் இறுதியில் வந்து சேர்ந்தார். மறு வருஷம் பண்டிட் குடும்பத்துப் பையன்களிடம் ஒரு கால்பந்தைக் காட்டினார். அது தோலால் ஆனது என்று தெரிந்ததும் தொட மாட்டோம் என்று பையன்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் விடவில்லை. ஆசிரியர்கள் கையில் தடியுடன் மைதானத்தைச் சுற்றி நிற்க, ஆட்டம் நடந்தது. பந்து ஒரு பையனின் வாயில் பட்டுவிட்டது. தீட்டு! எல்லோரும் திகைத்து நின்றார்கள். பையனைக் கால்வாய்க்குக் கூட்டிப்போய் முகம் கழுவச் செய்தார் பாதிரியார். திரும்பி வந்தான். ஆட்டம் தொடர்ந்தது.

தடியை வைத்துக் கற்பித்த பாடத்தை நான் மெச்ச மாட்டேன். ஒரு மதத்துப் பையன்களின் வழக்கத்தை வேறு மதத்துப் பெரியவர் அடித்து உடைத்தார் என்பதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லிச் சிரிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் தெற்கே திரும்பிப் பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த ஆலயம், பீடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து கால்சட்டை போல விரியும். ஒரு கால் ஒரு சாதிக்கு, மறு கால் மற்றவர்களுக்கு. 1910-ல் தடுப்பை இடித்தபோது பாத்தியதை கேட்டு வழக்குத் தொடுத்தவர்கள் உண்டு. பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றம், தாழ்த்தப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு என்ற வாதத்தை ஏற்க மறுத்தது. ஸ்ரீநகர்ப் பையன் முகம் கழுவிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் ஆடத் திரும்பிவிட்டான். ஞானஸ்நானத்தில் மொத்தமாகவே கழுவப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு நாற்பது வருஷமும் ஒரு கோர்ட்டும் தேவைப்பட்டன. சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் ஆட்டம் தொடங்கவே இல்லை.

சரி, வாலிபர் ஞாயிறுக்கு யாரைப் பற்றித்தான் பேசுவது? என்னைக் கேட்டால் ஒரு பெயர் சொல்வேன்: டாக்டர் தாலிமெரென் ஆவோ.

நாகா மலையின் சாங்கி கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் போதகர். இம்பூர் மிஷன் பள்ளியில் படிப்பு. கந்தலைச் சுருட்டிச் செய்த பந்தில்தான் பழக்கம். மகன் மருத்துவராகி நம் ஜனங்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. டைபாய்டு அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. மகன் கௌஹாத்தி காட்டன் கல்லூரி வழியாகக் கல்கத்தா மருத்துவப் படிப்புக்குப் போனார். அங்கே மோகன் பகான் அவரைப் பிடித்துக்கொண்டது. பிற்பாடு அதன் கேப்டனும் ஆனார். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவர் அவர்தான். தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திப் போனதும் அவர்தான்.

லண்டனில் அர்செனல் கிளப் அவரைத் தங்களோடு ஆட அழைத்ததாகச் சொல்வார்கள். அவர் அங்கே தங்கவில்லை. படிப்பு முடியவில்லையே! திரும்பி வந்து 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1953-ல் கோஹிமா சிவில் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பத்தாண்டில் நாகா மலையில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் மாலைபோட்டுக் கொண்டாடியிருப்பார்கள். அவர் கோஹிமாவிலேயே இருந்தார். நாகாலாந்து தனி மாநிலமான பின் சுகாதாரத் துறை இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்று, 1998-ல் காலமானார்.

இதில் எது 'சாட்சி'? நம் சபைகளில் சாட்சி என்றால் கோல் போட்ட கதைதான். பிரேசிலின் காக்கா சட்டையைக் கழற்றி, உள்ளே இயேசுவின் பெயர் எழுதிய பனியனைக் காட்டிய படம் அநேகமாக எல்லா வாலிபர் கூட்டத்திலும் திரையில் வரும். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆவோ பனியனில் எதுவும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. செத்துப்போன அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தைக்காக, கைதட்டலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் திரும்பினார். வைட்ஃபீல்டில் வளரும் பையனுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். சொல்வது கஷ்டம். காரணம், திறமை இருந்தால் வெளிநாடு போ என்றுதான் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம், அதற்காகவே ஜெபக் குறிப்பும் கொடுக்கிறோம்.

அந்த 1948 ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஜூலை 31, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்ட் மைதானம். எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்ஸ் முதல் கோல் போட்டது. எழுபதாவது நிமிடத்தில் நம் பக்கம் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர் மைதானங்களில் உருவான மைசூர் ஆட்டக்காரர். கோல்கீப்பர் வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு என்று அந்தக் குழுவின் பட்டியலைப் படித்தால் அல்சூர்க் கடைத்தெருவில் நிற்பது போல இருக்கும். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளும் வீணாகியிருந்தன. ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா.

மன்னாவை என்ன செய்தார்கள்? மூன்றே ஆண்டில் கேப்டன் ஆக்கினார்கள். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று தங்கம் வாங்கிய இந்திய அணிக்குத் தலைவர் அதே மன்னா.

இதற்கு நேரெதிரான கதையும் ஆட்டத்தில் உண்டு. 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிராகத் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். பக்தியுள்ள கத்தோலிக்கர். பத்தே நாளில், ஜூலை 2 அன்று, சொந்த ஊரான மெதெயினில் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. பிழை செய்தவனை ஊர் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இந்த இரண்டு பேரைவிட வேறு உதாரணம் வேண்டாம். பேதுரு ஒரே இரவில் மூன்று பெனால்ட்டிகளைத் தவறவிட்டவர். அவர் கையில்தான் ஆடுகளை ஒப்படைத்தார்கள். நம் சபைகளிலோ, பத்தாம் வகுப்பில் தோற்ற பையனின் பெயரைக்கூட ஸ்தோத்திரப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். கல்யாணம் முறிந்து திரும்பி வந்த பெண் பாடகர் குழுவில் நிற்கலாமா என்று கமிட்டி கூடி யோசிக்கிறது.

போகிற போக்கில் ஒரு திருத்தம். வெறுங்காலோடு ஆட விடாததால்தான் இந்தியா 1950 உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்று 'தாழ்மை' பற்றிய பிரசங்கங்களில் ஒரு கதை அடிபடுகிறது. அதில் சாரமில்லை. பிரேசில் தூரம், பயணச் செலவு பெரிது, ஒலிம்பிக்ஸ்தான் பெரிது என்று அன்றைய சம்மேளனம் நினைத்தது. வெறுங்காலில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை. 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு பூட்ஸ் போடச் சொல்லிவிட்டார்கள். மேடையில் உதாரணம் சொல்கிறவர்கள், தசமபாகத்தைச் சரிபார்க்கும் அக்கறையில் பாதியையாவது கதைகளுக்கும் காட்டலாம்.

மறுபடி வைட்ஃபீல்டுக்கு வருவோம். 1882-ல் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில், டி. எஸ். ஒயிட் தலைமையிலான ஆங்கிலோ-இந்தியர் சங்கம் அமைத்த குடியிருப்பு இது. வட்டமாகத் தெரு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த புல்வெளி என்பதுதான் திட்டம். இன்று திறந்தவெளி என்பது மணிக்கு இவ்வளவு என்று போர்டு வைத்த வலைக்கூண்டு. அதற்குள் ஆடுவது அடுக்குமாடிப் பிள்ளைகள். அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்களின், வாசலில் காவல் நிற்கிறவர்களின் பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று, பறந்து வரும் பந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். சிலர் நம் ஆலயத்துக்கே வருகிறவர்கள்.

இதே ஊதா நிற மெட்ரோவில் ஏறி ஹலசூருவில் இறங்கினால் கௌதம்புரம் பக்கம். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பேட்டை. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பந்தும் கையுமாகப் பெலேக்கும் ஒரு சிலை இருக்கிறது. யாரை வரிசையில் நிறுத்த வேண்டும் என்பதில் அந்தத் தெருவுக்கு ஒரு தெளிவு இருக்கிறது.

ஞாயிறு காலைச் சண்டைக்கு என்னிடம் பெரிய யோசனை இல்லை. 1908-ல் புவனோஸ் ஐரிஸில் லொரென்ஸோ மாஸா என்ற பாதிரியார் ஒன்று செய்தார். தெருவில் பந்தாடிய பையன் ஒருவன் டிராம் வண்டியில் அடிபடத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, ஆலயத்தின் பின்முற்றத்தைத் திறந்துவிட்டார். ஒரே நிபந்தனை, ஞாயிறு பூசைக்கு வர வேண்டும். அந்தப் பையன்களின் கிளப்தான் சான் லொரென்ஸோ. பின்னாளில் போப் பிரான்சிஸ் ஆன சிறுவன் அதன் ரசிகனாக வளர்ந்தான்.

இங்கே பல ஆலயங்களில் பதினோரு மணிக்குக் கடைசிக் காரும் கிளம்பிவிடுகிறது. பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடத் தாராளமாக இடம் இருக்கும். பதினொன்றே காலுக்கு கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள்.