வில்லில் குறை, பழி நமக்கா?

வில் என்றதும் நம் பெண்களுக்கு நினைவுக்கு வருவது சீதா கல்யாணம்தான். வில்லை வளைப்பது ஆண்பிள்ளை வேலை, மாலையோடு நிற்பது நம் வேலை. சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்த வில் இருந்த பெட்டியை சீதை நகர்த்திவிட்டாள் என்று பாட்டிமார் சொல்வார்களே, அதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை!

நான் தென் கொரியாவில், சுவோன் நகரத்தில் வசிக்கிறேன். கணவருக்கு இங்கே வேலை. எனக்கு வீடு, இரண்டு பிள்ளைகள், சமையல். இரண்டரை வருஷமாகக் காலை வேளையில் வில்லும் பழகுகிறேன். "வில்லும் அம்புமா? ராமாயணக் கூத்து நடத்தப் போறியா?" என்று மாமியார் போனில் கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு ஆகாத வேலை" என்று பட்டிமன்றத் தீர்ப்பு போலச் சொல்கிறார்களே, அதற்குத்தான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒலிம்பிக்கில் கொரியப் பெண்கள் குழு 1988 சியோல் முதல் 2024 பாரிஸ் வரை தொடர்ந்து 10 முறை தங்கம் வாங்கியதே, அந்த வில் வேறு. குறி பார்க்கும் கருவியும் ஆட்டத்தை அடக்கும் தண்டுகளும் வைத்த நவீன வில் அது. தூரம் 70 மீட்டர். நான் சொல்வது இந்த ஊர்க்காரர்களின் பரம்பரை வில். உயரம் நம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. குறி பார்க்கக் கருவி ஒன்றும் கிடையாது. தூரமோ 145 மீட்டர்! அங்கே 2 மீட்டர் அகலத்தில், சற்றே பின்பக்கம் சாய்த்து நிறுத்திய பலகை இருக்கும். பலகையில் எங்கே பட்டாலும் ஒன்றுதான். நடுவில் பட்டால் கூடுதல் மதிப்பெண் என்பதெல்லாம் இல்லை. ஒரு சுற்றுக்கு 5 அம்பு. இடுப்பில் கட்டிய துணிக்கச்சையில் அம்பைச் செருகிக்கொண்டு நிற்பார்கள். சேலையை இழுத்துச் செருகிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதுசில்லை.

அசல் கொரிய வில் எருமைக்கொம்பு, மூங்கில், முசுக்கொட்டை மரம், மாட்டு நரம்பு எல்லாவற்றையும் மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சும் பசையால் ஒட்டிச் செய்வது. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்து ஈரம் பட்டால் பசை தளர்ந்துவிடும். அதனால் இதமான சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைக்கிறார்கள். நாண் பூட்டும் முன் அனலில் காட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மிதித்துச் சரிபார்க்க வேண்டும். காலை 7 மணிக்கு ஒரு கையில் தோசைத் திருப்பியும் மறு கையில் ஸ்கூல் பையுமாக ஓடுகிற நமக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? விலையும் அப்படி.

1970களில்தான் ஃபைபர் வில் வந்தது. மர உள்பாகத்தின் இருபுறமும் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டிச் செய்வது. நம் கடற்கரைச் சகோதரிகளுக்கு ஃபைபர் படகு தெரியும் அல்லவா, கிட்டத்தட்ட அதே சரக்குதான். ஈரத்துக்கு அஞ்சாது, பெட்டி வேண்டாம், நெருப்பு வேண்டாம். சுமார் இரண்டரை லட்சம் வானுக்கு நல்ல வில் கிடைக்கிறது. நம் பணத்தில் பதினைந்தாயிரம் சொச்சம். கொம்பு வில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. எங்கள் மைதானத்தில் காலையில் வருகிற பெண்கள் அத்தனை பேர் கையிலும் ஃபைபர் வில்தான். அது இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

"அது வெறும் பிளாஸ்டிக், கொம்பு வில்தான் வில்" என்று உதட்டைப் பிதுக்குகிற பெரியவர்கள் இங்கேயும் உண்டு. ஏன் சார், கிரைண்டரில் அரைத்த மாவில் இட்லி வேகவில்லையா? ஆட்டுக்கல் மாவின் ருசியே தனி என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்கிறவர் எவரும் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து அரைத்தவராக இருப்பதில்லை. இங்கே வில்லாளிகளுக்கு 9 படிகள் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் படியிலிருந்து தேர்வுக்குக் கொம்பு வில்லும் மூங்கில் அம்பும் கட்டாயம். அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன், செய்கிற கைவினைஞர்கள் பிழைக்க வேண்டாமா? முதல் நான்கு படிக்கு ஃபைபர் வில்லே போதும் என்று அவர்களே வைத்திருக்கும்போது, நடுவில் நிற்கிறவர்களுக்கு என்ன வந்தது?

இப்போது கோபத்துக்கு வருகிறேன். இதே ஊரில் இருக்கும் நம் ஊர்த் தோழி ஒருத்திக்கும் ஆசை வந்தது. அவள் கணவர் இன்டர்நெட்டில் 50 பவுண்டு வில் ஒன்றைத் தருவித்துவிட்டார். "வாங்கறதே வாங்கறோம், ஸ்ட்ராங்கா வாங்கினா நாளைக்கு நானும் இழுக்கலாம்ல" என்பது அவர் கணக்கு. 50 பவுண்டு என்றால் ஏறக்குறைய 23 கிலோ. அரிசி மூட்டையைத் தூக்குகிற பலத்தை, நாணை இழுக்கும் கையும் வில்லைத் தள்ளும் கையும் சேர்ந்து கொடுக்க வேண்டும், அதுவும் ஆடாமல் நிறுத்தி. பத்தே நாளில் அவள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் பிசியோதெரபி. தலை வார முடியவில்லை, தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. வில் அலமாரி மேலே ஏறிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த தீர்ப்பு: "பொம்பளைங்களுக்கு இது ஒத்துவராதுன்னு அப்பவே சொன்னோமே!"

எப்படி இருக்கிறது கதை? அளவு தெரியாமல் வாங்கியது ஒருவர், தோள் போனது இன்னொருவருக்கு, பழி பெண் ஜாதி முழுவதற்கும். பத்தாம் நம்பர் செருப்பை ஆறாம் நம்பர் காலில் மாட்டிவிட்டு, "உனக்கு நடக்கத் தெரியல" என்பது போல.

ஃபைபர் வில்லின் பெரிய வரமே, ஒரே மாதிரி வில் பல பலத்தில், பல நீளத்தில் கிடைக்கிறது என்பதுதான். குட்டை, நடுத்தரம், நெட்டை என்று கை நீளத்துக்குத் தக்கபடி எடுக்கலாம். அந்த வரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஏன் பலமான வில்லைத் தேடி ஓட வேண்டும்? பவுண்டு கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வில்லில் எழுதியிருக்கும் எண், குறிப்பிட்ட அளவுக்கு இழுத்தால் எவ்வளவு என்பது. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலம் இழுக்கும்போதும் இரண்டு மூன்று பவுண்டு கூடும், குறைத்து இழுத்தால் குறையும். அதனால் கடைக்காரரிடம் "எத்தனை அங்குலத்துக்கு இந்த எண்?" என்று கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று மாதம் வில்லே வாங்கக் கூடாது. மைதானங்களில் பழகுவதற்கென்று மெல்லிய வில் வைத்திருப்பார்கள். அதை மெதுவாக இழுத்து மெதுவாக விடுவதே பாடம். பிறகு, கம்பத்தில் கயிற்றால் கட்டிய அம்பை எய்யச் சொல்வார்கள். விட்ட அம்பு எங்கும் போகாது. சலிப்பாகத்தான் இருக்கும், கோலத்துக்கு முதலில் புள்ளி வைத்துப் பழகுவது போல. பயிற்றுநர் சரி என்ற பிறகு சொந்த வில். முழுதாக இழுத்து, நிதானமாகப் பத்து எண்ணும்வரை இடது கை நடுங்காமல் நிற்கிறதா? நின்றால் அது உங்கள் வில். நடுங்கினால் ஐந்து பவுண்டு குறைத்துப் பாருங்கள். நான் ஆரம்பித்தது 28 பவுண்டில், இப்போது 36. 145 மீட்டரை எட்டச் சற்று உயர்த்தி எய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பலகைக்கு என் பவுண்டு தெரியாது!

கடையில் வில்லைக் கையில் எடுத்ததும் நான் செய்வது ஒன்று உண்டு. துப்பட்டா நுனியையோ கைக்குட்டையையோ வில்லின் ஓரம் முழுக்க லேசாக ஓட்டிப் பார்ப்பேன். நூல் எங்காவது சிக்கினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். கையால் தடவினால் சிலாம்பு ஏறி நாள் முழுக்க அரிக்கும். பிறகு நாண் பூட்டித் தரச் சொல்லி, நாண் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நாண் வில்லின் நடு முதுகோடு கோடு போட்டாற்போல் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் வில் முறுக்கிக்கொண்டிருக்கிறது, வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை வில், நாண் இல்லாதபோது எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். தெரியாதவர்கள் அந்த வளைவோடேயே நாண் பூட்டப் போய் வில்லை முறித்துவிடுவார்கள். முதல் பத்து முறையாவது தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு பூட்டுங்கள்.

இன்டர்நெட்டில் மங்கோலிய வில், துருக்கி வில், மஞ்சு வில் என்று இன்னும் மலிவாக வருகிறதே என்று கேட்பீர்கள். எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. மஞ்சு வில் பெரியது, நுனிகள் நீளம், கனத்த அம்புக்கென்றே அமைந்தது. அதில் மெல்லிய கார்பன் அம்பை வைத்து எய்தால் வில்லுக்கும் கெடுதல், கைக்கும் அதிர்ச்சி. துருக்கி வில் குட்டை, லேசான அம்பைத் தூரமாக அனுப்புவதற்குப் பேர் போனது. படத்தின் அழகைப் பார்த்து வாங்காமல், நீங்கள் எய்யப் போகும் தூரத்துக்கும் அம்புக்கும் எது பொருந்தும் என்று பாருங்கள். சேலைக்கு மட்டும் பத்து கடை ஏறி இறங்குகிறோமே!

எய்வதில் நம் பெண்கள் கவனிக்க வேண்டியது, ஆண் பயிற்றுநர்கள் சொல்ல மறந்துவிடுவது, சில உண்டு. இங்கே நாணை இழுப்பது கட்டைவிரலால். விரலில் கொம்பால் செய்த மோதிரம் ஒன்றை மாட்டிக்கொள்கிறோம். அது விரலுக்கு அளவாக இல்லாவிட்டால் நகக்கண் கன்றிவிடும். அம்பு வில்லின் வலப்பக்கம் இருக்கும். நாண் காதையும் தாண்டிப் பின்னால் போகும். ஆகவே ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலி உடைக்குள்ளே இருக்கட்டும், பின்னல் முதுகுப்பக்கம் இருக்கட்டும், துப்பட்டாவை இறுகக் கட்டுங்கள். கார்பன் அம்பாக இருந்தால் எய்யுமுன் ஒவ்வொன்றையும் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். 'சட்' என்று சத்தம் வந்தால் குப்பையில் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். விரிசல் விட்ட அம்பு விடும்போதே உடைந்து கையில் ஏறும். அம்பு இல்லாமல் நாணை மட்டும் இழுத்து 'டொய்ங்' என்று விடவே கூடாது. வில்லின் ஒட்டுகள் விட்டுப்போகும். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வில்லை விட்டுவைக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து தங்கை மகள், "பெரியம்மா, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மொட்டை மாடியில எய்யலாம்" என்கிறாள். மாடியிலா? வாங்கித்தர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இது பல்லாங்குழி இல்லை. முதலில் பயிற்சி மைதானத்தைத் தேடட்டும், வில் தானாக வரும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று. கோட்டில் நின்று முதல் அம்பை எய்யுமுன் ஒவ்வொருவரும் "நான் வில் பழகுகிறேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் "நிறைய படட்டும்" என்று வாழ்த்துவார்கள். நாற்பது வருஷம் எய்த தாத்தாவும் அதைத்தான் சொல்கிறார், நேற்று வந்தவளும் அதைத்தான் சொல்கிறாள். அடுத்தவர் வில்லை எடுத்து இழுக்காதே என்றும் ஒரு விதி உண்டு. மரியாதைக்காக வைத்தது என்கிறார்கள். எனக்கோ தோளைக் காப்பதற்காகவே வைத்தது போல் படுகிறது. கணவர் இழுப்பதற்கென்று வாங்கிய வில்லை மனைவி கையில் கொடுக்கிறவர்கள் இந்த விதியைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

என் தோழிக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த 50 பவுண்டு வில்லை விற்றுவிடட்டும், வாங்க ஆள் இருக்கிறது. டாக்டர் சரி என்றதும் என்னோடு வந்து மைதானத்து மெல்லிய வில்லை மூன்று மாதம் இழுக்கட்டும். அடுத்த வில்லை அவளே, அவள் கையால் இழுத்துப் பார்த்து, அவள் பர்சிலிருந்து பணம் எடுத்து வாங்கட்டும். அவர் கூட வருவதாக இருந்தால் வரலாம், பை தூக்குவதற்கு.

– ஓர் இல்லத்தரசி, சுவோன், தென் கொரியா