அது மெழுகு அச்சு அல்ல

சர்ஃபாக்டன்ட் திரவப் படிகம் ஒரு தயார் அச்சு, அதைச் சுற்றிப் பொருளை இறுகவைத்து அச்சை எரித்தால் அதே வடிவில், அதே அளவில் நானோ துளைகள் கிடைக்கும் என்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்க வகுப்புகளில் சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்பையே உவமையாகக் காட்டுகிறார்கள். உவமை தவறு.

1. மொபில் நிறுவனத்தார் 1992இல் அறிவித்த எம்சிஎம்-41 என்ற நானோ துளைச் சிலிக்காவையே எடுங்கள். அதற்குப் பயன்படும் சிடிஏபி என்ற சர்ஃபாக்டன்ட் தண்ணீரில் அறுகோணத் திரவப் படிகமாக நிற்க, எடையில் சுமார் 25 சதவீதமாவது வேண்டும். எம்சிஎம்-41 சில சதவீதக் கரைசலிலேயே உருவாகிறது. இல்லாத அச்சில் எதை வார்த்தார்கள்? சிலிகேட்டும் சர்ஃபாக்டன்ட்டும் சேர்ந்தேதான் அடுக்குக் கட்டுகின்றன.

2. நிஜமான திரவப் படிகத்திலிருந்தே தொடங்கிய வழியும் உண்டு. 1995இல் அட்டார்டு குழு பாதி எடைக்குச் சர்ஃபாக்டன்ட் எடுத்தது. சிலிக்கா மூலப்பொருள் நீருடன் வினைபுரிந்து மெத்தனாலை விட்டது, ஒழுங்கு குலைந்தது. அந்த மெத்தனாலை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்த பிறகே ஒழுங்கு திரும்பியது. ஊற்றும் உலோகத்தில் கலைந்து, பிறகு தானே உருப்பெறும் மெழுகை எந்தச் சிற்பி பார்த்திருக்கிறார்?

3. "அதே அளவு" என்பதும் இல்லை. 550 டிகிரியில் சுடும்போது சிலிக்கா சுருங்கும்.

அச்சு எப்போதும் தயார் என்று நம்பும் இந்தப் பிழையின் விலையை மாணவர்கள் கொடுக்கிறார்கள். ஏசியை 20 டிகிரியில் வைத்த ஆய்வகத்தில் சிடிஏபி வெள்ளைப் படிகமாக அடியில் தங்கும். வெளியே சித்திரை வெயிலில் வைத்தால் அதே புட்டி தெளிந்துவிடும். வெப்பநிலையைக் குறித்துவை என்று ஒருமுறையும் சொல்லாமல், "அச்சு சரியாகத்தானே இருந்தது, நீ என்ன செய்தாய்?" என்று அவர்களைக் கேட்பது என்ன நியாயம்?