ஜெயிச்சா நம்ம பையன், தோத்தா லக்குல வந்தவனா?

2025 நவம்பரில் கோவாவில் உலகக் கோப்பை செஸ் நடந்தது. உலக சாம்பியன் குகேஷ் மூன்றாவது சுற்றிலேயே ஃபிரெடெரிக் ஸ்வானே என்ற ஜெர்மன்காரரிடம் தோற்றார். முதல் ஆட்டம் டிரா. இரண்டாவது காலி. சாம்பியன் மூட்டை கட்டிவிட்டார்.

அன்றைக்கே நம்மவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ‘எனக்கு அப்பவே தெரியும் சார், அவன் சாம்பியன் ஆனதே லக்குல!’, ‘டிங் லிரென் தூக்கிக் குடுத்த பட்டம்தானே அது?’, ‘பாராட்டு விழா, பரிசுப் பணம்னு தலையில ஏறிடுச்சு.’

இப்படிப் பேசுகிறவர்கள் யார்? 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் அந்தப் பதினெட்டு வயதுப் பையன் ஜெயித்துவிட்டுத் தேம்பி அழுதபோது, டி.வி. முன்னால் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள்தான். 2025 ஜூனில் நார்வேயில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினாரே, அந்த வீடியோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியவர்கள்தான். ஐந்தே மாதத்தில் ‘நம்ம பையன்’, ‘லக்குல வந்தவன்’ ஆகிவிட்டான்.

சரி, அந்த லக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

சிங்கப்பூரில் பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பதினான்காவது, கடைசி ஆட்டம். குகேஷுக்குக் கறுப்புக் காய். ராணிகள், குதிரைகள் எல்லாம் போய்விட்டன. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம். இது டிராதான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. இந்த நிலையில் கை குலுக்கிவிட்டு, ‘நாளைக்கு டை-பிரேக்கரில் பார்த்துக்கலாம்’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. குகேஷ் கிளம்பவில்லை. எதிராளியை எழுந்திருக்க விடாமல், ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு சின்னக் கேள்வி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். 58-வதில் ஆட்டம் முடிந்தது.

இதற்குப் பெயர் லக்கா? எதிராளி தப்பு செய்யாமல் செஸ்ஸில் யாராவது, என்றைக்காவது ஜெயித்திருக்கிறார்களா? தப்பு செய்கிற வரைக்கும் விடாமல் உட்காருவதுதானய்யா ஆட்டம்!

நமக்கு இவ்வளவு தைரியம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? ஒளிபரப்பில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை-கறுப்புப் பட்டை ஏறி இறங்கும், பார்த்திருப்பீர்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் போடுகிற மார்க் அது. பட்டை சரிந்தால் போதும், ‘அய்யோ, இதுகூடத் தெரியலையா?’ என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். பரீட்சை ஹாலுக்கு வெளியே விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே எழுதுகிறவனை முட்டாள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பட்டையை மறைத்துவிட்டு, அடுத்த நகர்த்தல் என்ன என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பேச்சு வராது.

இன்னொரு விஷயத்தையும் வசதியாக மறந்துவிடுகிறோம். 2025 செப்டம்பரில் சாமர்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் குகேஷ் வரிசையாக மூன்று ஆட்டங்கள் தோற்றார். ஊரே சிரித்தது. அந்தப் போட்டி எதற்கு? உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்கிற கேண்டிடேட்ஸ் போட்டிக்கு ஆள் எடுக்க. கோவா போட்டியும் அதற்குத்தான். சாம்பியனுக்கு அந்த டிக்கெட்டே தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒரு தோல்வியும் வந்திருக்காது, ரேட்டிங்கும் பத்திரமாக இருந்திருக்கும். அந்தப் பையன் வந்து, தன்னை வீழ்த்தினால் பெயர் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து ஆடினான்.

தோற்காமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு. பாபி ஃபிஷர் 1972-ல் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு இருபது வருடம் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. இருபது வருடம் தோல்வியும் இல்லை! நமக்கு அப்படிப்பட்ட சாம்பியன்தான் வேண்டுமா?

ஆடுகிறவன் தோற்பான். எட்டு வருடம் தோல்வியே காணாத கேபபிளாங்கா, உலக சாம்பியனாக இருந்தபோதே 1924-ல் நியூயார்க்கில் ரெட்டியிடம் தோற்றார். போட்வின்னிக் 1957-ல் பட்டத்தையே பறிகொடுத்தார், 1958-ல் திரும்ப வாங்கினார். 1960-ல் மறுபடி பறிகொடுத்து, 1961-ல் மறுபடி வாங்கினார். அவரை லக்குல வந்தவர் என்பீர்களா?

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம ஆனந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 நவம்பர், சென்னை. சொந்த ஊரில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். ஒன்பதாவது ஆட்டத்தில் பிஷப்பை வைக்க வேண்டிய கட்டத்தில் குதிரையை வைத்தார். அந்த ஒரு நகர்த்தலோடு ஆட்டம் போச்சு. ‘வயசாயிடுச்சு, கௌரவமா ரிட்டையர் ஆகலாமே’ என்று எத்தனை பேர் இலவச ஆலோசனை கொடுத்தார்கள்! நாலே மாதத்தில் ரஷ்யாவில் நடந்த கேண்டிடேட்ஸில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடம். அந்த வருடக் கடைசியில் கார்ல்சனிடம் மறுபடி தோற்றார்தான். ஆனால் 2017 டிசம்பரில் ரியாத்தில், 48 வயதில், அதே கார்ல்சனையும் ஒரு சுற்றில் வீழ்த்தி, ரேபிட் உலக சாம்பியன் ஆனார். ஆலோசனை சொன்னவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்களோ!

‘அப்போ விமர்சனமே பண்ணக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். தாராளமாகப் பண்ணுங்கள். நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லையா, டிரா ஆக வேண்டிய நிலையை இழுத்துக் கெடுத்தாரா, சொல்லுங்கள். அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. இன்றைக்குத் தோற்றதால் அன்றைக்கு ஜெயித்ததும் பொய் என்பது பேச்சே இல்லை, வயிற்றெரிச்சல்.

இதில் நான் கவலைப்படுவது குகேஷைப் பற்றி அல்ல. அவர் பார்த்துக்கொள்வார். நம் தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு வந்துவிட்டது. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போட்டிகளுக்குப் போகிறார்கள். ஹாலை விட்டு வெளியே வருகிற குழந்தையிடம் முதல் கேள்வி, ‘ஜெயிச்சியா?’ இல்லை என்றால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதே அப்பா ராத்திரி சாப்பிடும்போது உலக சாம்பியனை ‘வேஸ்ட்’ என்கிறார். பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன புரியும்? சாம்பியனுக்கே இந்த மரியாதை என்றால், நம்ம கதி என்ன என்றுதான் புரியும். சில நாளில், ‘எனக்கு செஸ் வேணாம்ப்பா’ என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு கோச்சை மாற்றி என்ன பிரயோஜனம்?

1972-ல் ரெய்க்ஜாவிக்கில் ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் பிரமாதமாக ஆடி ஜெயித்தபோது, அரங்கமே கை தட்டியது. தோற்ற ஸ்பாஸ்கியும் எழுந்து நின்று கை தட்டினார். பட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தவருக்கே அது முடிந்தது. டிக்கெட்கூட வாங்காமல் சோபாவில் சாய்ந்து பார்க்கிற நமக்கு முடியாதா?

அடுத்த தடவை நம்ம பையன் தோற்றால் ஒரு காரியம் செய்யுங்கள். ஜெயித்தது யார், எந்த நகர்த்தலில் ஆட்டம் திரும்பியது என்று உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். சாமர்கண்டில் குகேஷை வீழ்த்தியவர்களில் ஒருவர் அபிமன்யு மிஸ்ரா. அப்போது பதினாறு வயது. பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர், உலகத்திலேயே மிகச் சிறிய வயதில். குகேஷைத் திட்டிய அவசரத்தில் அவர் ஆடியதை எத்தனை பேர் பார்த்தோம்?